இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற நாட்களில் எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். கை அரிசி களையும், கால் தண்ணீர்க் குழாய்க்கு நடக்கும், ஆனால் நான் இருப்பதெல்லாம் காதுக்குள்தான். எங்கள் ஊர் பழவேற்காட்டுக்கு எதிரே ஏரிக்குள் இருக்கிறது. படகில்தான் போக்குவரத்து. ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் மணல் மேடு தட்டியிருக்கும். அங்கே கவிழ்ந்த படகுகளைப் பற்றி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு கதை உண்டு. அந்தக் கதைகளை எல்லோரும் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு மறப்பதில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், படித்தது ஒன்றும் மனதில் நிற்கவில்லை, இந்தக் கதைகள் மட்டும் வரிசையாக நிற்கும்.

திரும்பி வருகிற படகுகளின் என்ஜின் சத்தம் எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். எங்கள் நாய்க்கு அப்படி இல்லை. வாசலில் படுத்திருக்கும். பத்துப் படகு போனாலும் காதை அசைக்காது. என் வீட்டுக்காரர் படகு வரும்போது மட்டும், எனக்கு எந்தச் சத்தமும் எட்டாத தூரத்திலேயே எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் துறைக்கு ஓடும். அது ஓடினால் நான் உலை வைப்பேன். மூச்சும் அப்போதுதான் ஒழுங்காக வரும். நாய்க்கு நான் சோறு போடுகிறேன் என்று ஊரில் நினைத்தார்கள். அது எனக்கு என்ன கொடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது நல்ல வேடிக்கை. அவர் கடலுக்குப் போவதை விட்டு நாளாகிறது. முட்டி வலி. விடியற்காலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கிற கரையில் உட்கார்ந்து கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுவார். நான் பாத்திரம் தேய்க்க வந்தால் திரும்பிப் பார்க்காமலே கேட்பார். "இன்னாமா, இன்னிக்கு இன்னா கவலை? காத்தா, அலையா, கேஸா?" நான் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்பேன். அவர் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். காற்று என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் இரண்டு தூண்டில். ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டார். இன்னொன்றில் இறாலைக் குத்தி, தனக்குப் பின்னால் மணலில் வைத்துவிட்டு, டீயை எடுத்தார். இரண்டு நரம்பும் அவர் தொடைக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நரம்பு என்றால் நைலான் கயிறுதான், கண்ணாடி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டால்தான் தெரியும். ஒரு நரம்பு சரசரவென்று ஓடியது. ஓடுகிற நரம்பைப் பார்த்து எது என்று யோசிக்கிற மனிதர் எங்கள் ஊரில் கிடையாது. மீன் தூண்டிலைக் கக்குவதற்குள் சுண்டி இழுத்தால்தான் முள் பிடிக்கும். அவர் கை சுண்டியது. தண்ணீரில் ஒன்றும் அசையவில்லை. பின்னால் நாய் கத்தியது.

அந்தக் கத்தலை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். ஓடி வந்தபோது நாய் வாயைத் திறந்தபடி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து நரம்பு தொங்கியது. முள் தெரியவில்லை. இறாலோடு சேர்த்து உள்ளே இறங்கிவிட்டது. அண்ணன் நரம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வருடத்தில் அந்த முகத்தை நான் சிரிப்பில்லாமல் பார்த்ததில்லை.

கெளுத்தி மாதிரி மீன்கள் முள்ளை வயிறு வரைக்கும் விழுங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் அதோடு போராட மாட்டார்கள். வாய்க்குப் பக்கத்தில் நரம்பை அறுத்துவிட்டு வேறு முள் கட்டிக்கொள்வார்கள். அண்ணனும் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார். நானும் அறுக்கட்டும் என்றுதான் நின்றேன். அந்த நரம்பு வாயிலிருந்து தொங்குவதைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

எதிர் வீட்டு அக்கா அதற்குள் வந்துவிட்டாள். பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட குரல். ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னாள்.

"கத்தியக் கீழ போடுய்யா. மீனா அது? மொதல்ல கேப்போம்."

அவளுடைய ஆடுகளுக்குப் பார்க்கிற மாட்டு டாக்டர் நம்பர் அவள் போனில் இருந்தது. கூப்பிட்டாள். அவர் பழவேற்காட்டில் இல்லை, உள்ளே ஏதோ நெல் விளைகிற ஊரில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். போனில் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. அவர் சொன்னதை அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். இழுக்கக் கூடாது, இழுத்தால் உள்ளே கிழியும். அறுக்கவும் கூடாது, அறுத்தால் முள் எங்கே இருக்கிறது என்று பிடிக்க வழி இருக்காது. தொளதொளவென்று விடவும் கூடாது, விட்டால் நாய் நரம்பைக் கடித்து மென்று முழுங்கிவிடும். நரம்பு முழுசாக வெளியே இருக்கிறபடி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அங்கே இருக்கிற டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்றார்.

அக்கா போனை இடுப்பில் செருகினாள். எல்லோரும் அண்ணன் கையைப் பார்த்தோம். நரம்பின் இந்த முனை அவர் விரலில்தான் இருந்தது. அதை வேறு யாரிடமும் மாற்றுவது பற்றிப் பேச்சே வரவில்லை.

படகு வேண்டும். ஊர்ப் படகுகளில் பாதி கடலில், என் வீட்டுக்காரர் படகும் சேர்த்து. மீதி ஏரியில். துறையில் ஒரே ஒரு படகு நின்றது. மூன்று வீடு தள்ளி இருக்கிற தம்பி வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்குப் பாடு. எங்கள் ஏரியில் கட்டுவலை போடுவதற்கு இடமும் நாளும் முறை வைத்து வரும், அதைத்தான் பாடு என்போம். இன்றைக்கு இன்ன இடம் இன்னாருக்கு என்றால் அவர்தான் இறங்கலாம். அவர் வராவிட்டால் இடம் சும்மாக் கிடக்கும். வேறு யாராவது வலையை இறக்கினால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். அடுத்த முறை சுற்றி வர நாளாகும். அவனும் அந்த நாளுக்காகக் காத்திருந்தவன்தான். நான் அவனிடம் கேட்கவே இல்லை, கேட்க வாய் வரவில்லை. நாயை மடியில் தூக்கிக்கொண்டு நான் வருவதையும், பக்கத்தில் நரம்பைப் பிடித்தபடி அண்ணன் வருவதையும் பார்த்தான். வலையை எடுத்துக் கரையில் போட்டான்.

"ஏறுக்கா. ஏரி எங்கயும் ஓடிடாது."

ஏறினோம். படகு நகர்ந்ததும் எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. குழம்பு. அணைத்தேனா? அப்படியே நிற்கிறதா? அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இருந்தது, ஆனாலும் போனை எடுத்துத் தன் மருமகளிடம் போய்ப் பார்க்கச் சொன்னாள். அணைந்திருக்கிறது என்று பதில் வந்தது. சிலிண்டரையும் மூடச் சொல் என்றேன். அதையும் சொன்னாள்.

நாய் விழுங்கி விழுங்கிப் பார்த்தது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் தலை முன்னால் போகும், நரம்பு உள்ளே ஓடப் பார்க்கும். அண்ணன் இரண்டு விரலுக்கு நடுவில் நரம்பை வைத்திருந்தார். தலை முன்னால் போனால் விரல் கொஞ்சம் கொடுக்கும், பின்னால் வந்தால் கொடுத்ததை வாங்கும். பெரிய கொடுவா மாட்டினால் நரம்பு அறுந்துவிடாமல் மீனை அலுக்க விடுவார்களே, அதே விரல்தான். ஆனால் மீனிடம் இப்படிப் பயந்து பயந்து பிடித்ததில்லை அவர். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது, துடைக்கக் கை எடுக்கவில்லை. நான் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

நாய் கடைவாயால் மெல்லப் பார்த்தது. அக்கா படகில் கிடந்த வலை மிதவை ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைக் கடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். கடிக்கட்டும், ஊசி போடத்தானே போறோம், எனக்கும் சேத்து போட்டுக்கலாம் என்றாள்.

நடு ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. படகு சேற்றில் தட்டி நின்றது. தட்டிய வேகத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணன் கை நாயோடு சேர்ந்தே முன்னால் போயிருந்தது, நரம்பு நின்ற இடத்தில் நின்றது. தம்பி என்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியை ஊன்றினான். போதவில்லை. அக்கா மிதவையை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தள்ளினாள். சேறு அவள் முட்டி வரைக்கும் இழுத்தது. தள்ளிக்கொண்டே பேசினாள், நாயைத் திட்டினாள், இறாலைத் திட்டினாள், ஏரியைத் திட்டினாள். அண்ணனை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஓய்ந்து ஊர் பார்த்ததில்லை. அவள் திட்டாததைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. நாய் பிழைக்காது என்று அவளும் நினைக்கிறாளோ?

பழவேற்காட்டில் ஆட்டோ பிடித்தோம். தம்பி படகைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுகொள்கிறேன் என்றான். ஆட்டோவில் நானும் நாயும் நடுவில், அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் அண்ணன். அவர் தன் முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாய்க்கு எச்சில் வழிந்தது. அதில் ரத்தம் கலந்திருந்தது. நான் டிரைவரிடம் சீக்கிரம் போகச் சொன்னேன். வேகத்தடை வந்ததும் மெதுவாகப் போகச் சொன்னேன். அடுத்த நிமிடம் மறுபடி சீக்கிரம் என்றேன்.

"ரெண்டுல ஒன்னு சொல்லுக்கா, நான் இன்னா பண்றது?" என்றார் டிரைவர்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

வழியெல்லாம் வயல். நாற்று நட்டிருந்தார்கள். எனக்கு அது ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. நாயின் நெஞ்சில் கையை வைத்தபடி அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு நடுவில் இன்னொன்று குடைந்தது. வெயில் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்துவாரத்துக்கு வந்திருப்பாரா? வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுகிற நாய்தான் வாயில் நரம்போடு என் மடியில் கிடக்கிறதே. கடலில் அவர் போன் எடுக்காது. எடுக்காது என்று தெரிந்தும் அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். சின்ன வயது. மாட்டு டாக்டர் போன் பண்ணியிருந்தார். நாயை மேசையில் படுக்க வைத்ததும் பேர் என்ன என்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன், அக்கா ஒன்று சொன்னாள், அதே சமயம் அண்ணன் வேறு ஒன்று சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, என் நாய் மூன்று வீட்டில் மூன்று பெயருக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் சோறும் தின்றிருக்கும். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை, மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். நாய் தளர்ந்து தலையைச் சாய்த்தது. அந்தச் சாய்வை நான் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மயக்கம்தான் என்று அவர் சொன்ன பிறகும் நம்பவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார். அண்ணனைப் பார்த்து, "நீங்க இருங்க. அப்படியே புடிச்சிக்கோங்க, நான் சொல்ற வரைக்கும் மாத்தாதீங்க" என்றார்.

வெளியே ஒரு பசு, இரண்டு ஆடு, கூடைக்குள் ஒரு சேவல். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், எட்டிப் பார்க்கப் பயந்து திரும்பினேன். மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா கால் சேற்றைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டாள், ஏண்டி இந்த நாய்க்கு இப்படி அடித்துக்கொள்கிறாய் என்று. திட்டுகிற மாதிரி கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் என்ஜின் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தவர். அது எனக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் காலைத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேவலைப் பார்த்தோம்.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு பலமுறை சொல்லிவிட்டார். ஒரு குழாயை நரம்பில் கோத்து, நரம்பு வழியாகவே தொண்டைக்குள் இறக்கினார்களாம். அண்ணன் இந்த முனையை இறுக்காமல் தளர்த்தாமல் பிடிக்க வேண்டும், நரம்பு நேராக இருந்தால்தான் குழாய் முள்ளிடம் போய்ச் சேரும். சேர்ந்ததும் டாக்டர் அம்மா குழாயை உள்நோக்கித் தள்ளினார். முள் வந்த வழியிலேயே பின்னுக்கு நகர்ந்து சதையை விட்டது. "விட்டுருச்சு," என்று அண்ணன்தான் முதலில் சொன்னாராம். விரலில் தெரிந்திருக்கிறது. தெரிஞ்சிதா, எனக்கும் அப்படித்தான் பட்டுது என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, முள்ளைக் குழாய்க்குள் இழுத்து, இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்தார்.

கதவு திறந்து அண்ணன் வெளியே வந்தார். முள் அவர் உள்ளங்கையில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். கை இன்னும் அப்படியே மடங்கியிருந்தது, இரண்டு விரலும் ஒன்றையொன்று அமுக்கியபடி, நடுவில் நரம்பு வெட்டிய சிவப்புக் கோடு. அக்கா அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

"வுடுய்யா. வந்திருச்சி. இனிமே இன்னாத்தப் புடிச்சிகினு கீற?"

அப்போதுதான் அவர் அழுதார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு நாளைக்கு, உப்புப் போடலாமா, முள் இருந்த இடம் உள்ளே சீழ் பிடிக்குமா, பிடித்தால் எப்படித் தெரியும் என்று எல்லாம் கேட்டேன். டாக்டர் அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் தன் போன் நம்பரையும் கொடுத்தார். கொடுத்தது தப்பு என்று அந்த வாரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் பழவேற்காட்டுத் துறைக்கு வந்தபோது தம்பி படகிலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டானா என்று கேட்டேன். தலையாட்டினான், எந்தப் பக்கம் ஆட்டினான் என்று தெரியவில்லை. நாய் மயக்கம் தெளியாமல் என் மடியில் கிடந்தது, நாக்கு ஒரு ஓரமாகத் தொங்கியது. வழியில் அன்றைக்கு அவனுக்குப் பாடு விழுந்திருந்த இடத்தைத் தாண்டி வந்தோம். அங்கே குச்சி ஊன்றி வலை கட்டியிருந்தது. யாரோ அவன் இடத்தில் இறங்கிவிட்டார்கள் என்று எனக்குப் பதறியது. தம்பி என்ஜினைக் குறைத்துப் பார்த்தான். அவனுடைய வலைதான். அவன் கரையில் போட்டுவிட்டு வந்ததை, பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்து ஆட்கள் எடுத்துப் போய் அவன் பெயருக்கே கட்டியிருக்கிறார்கள். "வளைவு தப்பா கட்டிகிறானுங்க," என்று மட்டும் சொன்னான். ஆனால் துறை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

துறையில் ஒரு ஆள் தனியாக நின்றார். கிட்டே வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. மதியமே வந்துவிட்டாராம். போன் தண்ணீரில் நனைந்து நின்றுபோயிருந்தது. வீட்டில் நான் இல்லை, நாய் இல்லை, அடுப்பில் பாதி வெந்த குழம்பு. அக்காவின் மருமகள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து துறைக்கு வந்து நின்றவர்தான்.

நாயை வாங்கிக்கொண்டார். அதன் வாயைத் திறந்து பார்த்தார், மூடினார். நடக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எத்தினி படகு வந்துச்சி தெரியுமா? ஒவ்வொன்னும் நீங்கதான்னு எழுந்து நின்னேன். எல்லா என்ஜினும் ஒரே மாதிரி கேக்குது."

பழகிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அப்படி ஆவதில்லையே.

நாய் தேறிவிட்டது. ஒரு வாரம் குரைப்பு கரகரத்தது, அதற்கும் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போது முன்போலவே வாசலில் படுக்கிறது, முன்போலவே ஒரு படகுக்கு மட்டும் எழுந்து ஓடுகிறது. அந்த முள்ளை அண்ணன், இனி எதிலும் மாட்டாதபடி, கல்லில் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டார்.

அவர்தான் மாறிவிட்டார். விடியற்காலையில் கரைக்கு வந்து உட்காருகிறார், தூண்டில் போடுகிறார், இன்னாமா இன்னிக்கு இன்னா கவலை என்று என்னைக் கேட்கிறார். எல்லாம் பழையபடிதான். ஆனால் நரம்பு ஓட ஆரம்பித்தால் கை சுண்டுவதில்லை. முதலில் பின்னால் திரும்பி, "டேய், நீயா?" என்று கத்துகிறார். நான் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். நாய் படுத்திருக்கும். "இங்கதான் கீதுண்ணா," என்று குரல் கொடுப்பேன்.

அதற்குப் பிறகுதான் சுண்டுவார். பெரும்பாலும் அதற்குள் கொடுவா போய்விட்டிருக்கும்.